தலைமாடு எந்தப் பக்கம்

என் கட்டெறும்பே,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தையும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அந்த வார்த்தைக்குப் போக மாட்டேன் என்கிறது, பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், ஆகவே இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவே கிருபைதான் என்று போதகர் சொல்வார். நானும் தலையாட்டுவேன்.

போனில் பேசினால் நீ அழுகிறாய். நீ அழுதால் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், உன் அத்தை பின்னால் நின்று, என்ன சொல்றா, என்ன சொல்றா என்று முழங்கையால் இடிக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி. அப்பாவை அடக்கம் பண்ணினதில் ஒரு தவறு நடந்துவிட்டது. என் கையால் நடந்தது. அதை உனக்குச் சொல்லவேண்டும், ஆனால் முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். பயப்படாதே. பயப்படுகிற அளவுக்கு இனி நமக்கு என்ன மிச்சம் இருக்கிறது.

வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அப்பாவின் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, பைக்குள் கைவிட்டால் மரத்தூள் நகக்கண்ணில் ஏறுகிறது. துவைக்கவில்லை. துவைக்கக்கூடாது என்று ஒன்றும் இல்லை, கை போகவில்லை, அவ்வளவுதான். காலையில் டீ போட்டால் மூன்று டம்ளர் வந்துவிடுகிறது, மூன்றாவதை உன் அத்தை, எங்க அண்ணன் பங்கு எனக்குத்தான் சேரும், கோர்ட்டுக்கே போனாலும் நான்தான் ஜெயிப்பேன் என்று சொல்லி எடுத்துக் குடித்துவிடுகிறாள். நேற்று சாப்பாட்டில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணி, இதை நான் சாப்பிடணுமா நீந்தணுமா என்று கேட்டாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, நான் அதையே தின்று எழுந்தேன். போன வாரம் இஸ்திரி போடும்போது விரல் ஓரத்தில் சுட்டுவிட்டது, வாசனை வந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, அழுதுடுங்க, நெஞ்சுக்குள்ள வச்சுக்காதீங்க என்கிறாள். நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ள அங்கே எதுவும் இருந்தால்தானே. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டு விடுவார்களே, உதடு இருக்கும், தொட்டால் யாருடைய உதடோ மாதிரி இருக்கும், அதுபோல இருக்கிறேன். அது உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன், கவலைப்படு என்று எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறோம். அப்பா உட்காரும் முன்வரிசை இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை, மரியாதைக்கு விட்டிருக்கிறார்கள். உனக்குத்தான் தெரியுமே, பட்டறையில் இழைப்பு மெஷினோடு காலம் முழுக்க நின்று அவர் காது போனபிறகு, எப்போது எழுந்திருப்பது எப்போது உட்காருவது என்று தெரியாமல் திரும்பித் திரும்பி என்னைத்தான் பார்ப்பார். நான் இரண்டு வரிசை பின்னால். நான் எழுந்தால் எழுவார், நான் உட்கார்ந்தால் உட்காருவார், ஆமென் என்று என் வாய் அசைந்தால் அவரும் ஆமென் என்பார், கொஞ்சம் தாமதமாக, கோயில் அதிர. இந்தப் போதகர் புதிதாக வந்தபோது, யாரு இந்தப் பெரியவர், ஆராதனை முழுக்கப் பெண்கள் பக்கமே பார்த்துக்கிட்டிருக்காரே என்று யாரிடமோ கேட்டிருக்கிறார், அது உன் அத்தை காதுக்கு வந்து, கட்டின பெண்டாட்டியைத்தானே பார்க்கறாரு, அதுக்கும் பரலோகத்துல தடை உத்தரவா என்று வாசலிலேயே வைத்துக் கேட்டுவிட்டாள். பாவம் போதகர், சின்ன வயசு, காது சிவந்துபோயிற்று. இப்போது முன்னால் திரும்புகிற தலை இல்லை. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்தபிறகுதான் நான் எழுந்திருக்கிறேன், ஒரு தடவை எழவே மறந்துவிட்டேன். அவர் பார்ப்பார் என்றுதான் இத்தனை காலம் நான் நேரத்துக்கு எழுந்து நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளிலேயே நான் பட்டறைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். முதலாளி வேண்டாம், ஓய்வெடுங்க என்றார். ஓய்வெடுத்து என்ன செய்வது, சுவரைப் பார்ப்பதா. ஊசி பிடித்தால் கைக்காவது ஒரு வேலை இருக்கும். நீ சின்னப்பிள்ளையாக அங்கே மரச்சுருளில் புரண்டு விளையாடினவள், இருந்தாலும் மறந்திருப்பாய், மறுபடி சொல்கிறேன். முன்பெல்லாம் சவப்பெட்டி தோள்பக்கம் அகலமாகவும் கால்பக்கம் குறுகலாகவும் இருக்கும், குருடன் தடவினாலும் தலைமாடு எது கால்மாடு எது என்று சொல்லிவிடுவான். இப்போது எல்லாம் நேர்ப்பெட்டி, இரண்டு முனையும் இரட்டைப்பிள்ளை மாதிரி. அதனால் பெட்டி சேர்க்கிற ஆள் தலைமாட்டுப் பலகையில் உள்பக்கம் பென்சிலால் ஒரு குறி போடுவார். மூடியை அந்தக் குறிக்குத் தகுந்தபடி வைத்துத்தான் திருகாணிக்கு ஓட்டை போடுவார்கள், சிலுவை அடிப்பார்கள், ஆகையால் மூடி ஒரு பக்கமாகத்தான் பொருந்தும். பிறகு பெட்டி என்னிடம் வரும், நான் உள்ளே வெள்ளைத்துணி மடிப்பு வைத்துத் தைத்து, தலையணைக்கு மரச்சுருள் அடைத்து, தலைமாட்டில் பொருத்துவேன். துணி போனபிறகு குறி மறைந்துவிடும்.

அந்தக் குறியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிவந்ததில்லை. என் கண் மங்கல் என்று பெட்டியைத் தாங்குகட்டையில் ஏற்றுகிற வேலையை அப்பா யாரிடமும் விடமாட்டார், மெஷினை நிறுத்திவிட்டு வந்து, தலைமாடு ஜன்னல் பக்கம் வருகிறமாதிரி திருப்பி வைத்துவிட்டு, ம் என்பார். தலையணைத் தையல்தான் நுணுக்கம், அதற்குத்தான் வெளிச்சம் வேண்டும் என்று அவர் கணக்கு. நான் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து அங்கேயே தலையணையைத் தைப்பேன். இப்படி எத்தனை வருஷம், எத்தனை பெட்டி. ஜன்னல் இருக்கிற பக்கம்தான் தலைமாடு என்பது எனக்கு வலது கை இடது கை மாதிரி.

அப்பா போன அன்று அவர் பெட்டியையும் நான்தான் தைத்தேன். எல்லாரும் தடுத்தார்கள். வேறு யார் தைத்தாலும் மடிப்பு ஒரு சீராக வராது, அவருக்கே பிடிக்காது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் நான் நினைத்ததெல்லாம் மடிப்பைப் பற்றி மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை, சத்தியமாக. தலையணைக்கு அடைத்த சுருள் அன்று காலையில் அவர் இழைத்துத் தள்ளினது, ஈரவாசனை போகாமல் இருந்தது. அதைக்கூட, நல்ல மெல்லிய சுருள், உறுத்தாது என்றுதான் நினைத்தேன். தைத்து முடித்துப் பல்லால் நூலைக் கடித்தேன், அவ்வளவுதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பப் போன பிறகு எனக்கு வந்த முதல் பெட்டிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணை வைத்துக்கொண்டிருக்கிறேன், நம் சுத்தியல் அந்தப் பக்கமாகப் போனான். அப்பாவிடம் தொழில் பழகினானே, பேசினால் ஆணி அடிக்கிற மாதிரி பேசுவான் என்று நீதானே அந்தப் பேர் வைத்தாய், அவன்தான். அக்கா, என்ன பண்றீங்க, அது கால்மாடு என்றான். நான், ஜன்னல் பக்கம்தானேடா வச்சிருக்க என்றேன். ஜன்னலுக்கும் பெட்டிக்கும் என்னக்கா சம்பந்தம், குறியைப் பாருங்க, அந்த முனையில இருக்கு என்றான். எந்தக் குறி என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஊசி துணியில் பாதி போய் நின்றுவிட்டது. அன்னைக்கு அவரு பெட்டியை யாரு தாங்குகட்டையில ஏத்தினது என்று கேட்டேன். நான்தான்க்கா என்றான். எந்தப் பக்கமா வச்ச என்றேன். அவன் என்னைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். குறி சுவர்ப்பக்கம் இருந்துச்சுக்கா, நீங்க குறியைப் பார்த்துத்தான் தைப்பீங்கன்னு நினைச்சேன், என்னைச் செருப்பால அடிங்கக்கா என்று கீழே உட்கார்ந்துவிட்டான். எதற்கு அடிப்பது. நீ உன் வழக்கப்படி வச்ச, நான் என் வழக்கப்படி தச்சேன், நடுவுல இருந்து திருப்புற ஆளு உள்ள படுத்துட்டாரு, இதுல யாரை அடிக்கிறது என்று சொல்லி எழுப்பிவிட்டேன்.

உனக்குப் புரிகிறதா கட்டெறும்பே. தலையணை இருந்த முனையில் அப்பா தலையை வைத்துப் படுக்கவைத்தோம், அது கால்மாடு. கோயிலில் வைத்து மூடி போட்டார்கள், மூடி ஒரு பக்கம்தான் பொருந்தும், சிலுவையின் தலை அவர் காலுக்கு மேல் போயிற்று, சிலுவையின் அடி அவர் முகத்துக்கு மேல் வந்தது. நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். என் கண்ணாலே பார்த்தேன், மனதில் ஏறவில்லை. அழுதவர்களுக்குக் கண்ணில் தண்ணீர், அதனால் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், எனக்கென்ன. கல்லறைத் தோட்டத்துக்குள் வந்ததும் குழி வெட்டுகிறவர், மம்பட்டி என்று எல்லாரும் கூப்பிடுவார்களே, அந்தப் பெரியவர் சிலுவையைப் பார்த்துவிட்டு, திருப்புங்க திருப்புங்க என்று பெட்டியைச் சுற்றித் திருப்பச்சொன்னார். பார்த்து, அவருக்குத் தலை சுத்தும் என்று மட்டும் நான் நினைத்தேன். நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்கும் நினைவிருக்கலாம். நம் ஜனங்கள் எல்லாரையும் தலை மேற்கே, கால் கிழக்கே என்றுதான் அடக்கம் பண்ணுகிறோம், கர்த்தர் வருகிற நாளில் எழுந்து நின்றால் முகம் உதயத்துக்கு நேரே இருக்கவேண்டும், அவரை எதிர்கொள்ளவேண்டும் என்று. மம்பட்டிப் பெரியவர் சிலுவையின் தலையை மேற்கே வைத்து ஒழுங்காகத்தான் இறக்கினார். உள்ளே அப்பா மாறிப் படுத்திருக்கிறார். அந்தத் தோட்டத்தில் எல்லாரும் ஒரு பக்கம் எழுந்து நிற்கும்போது உன் அப்பா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். என் தையலால்.

வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, எங்க அண்ணன் என்னைக்கு அண்ணி, சொன்ன பக்கம் திரும்பினாரு, பஸ்ல இருந்துகூடத் தப்பான பக்கம்தான் இறங்குவாரு, கர்த்தருக்கு அது தெரியாதா என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள், மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆனால் தூக்கம் போயிற்று. முன்பு உணர்ச்சி இல்லாவிட்டாலும் தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை, படுத்தால் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறேன் என்று தடவிப் பார்க்கிறேன்.

போதகரிடம் போனேன். குழியைத் தோண்டித் திருப்பி வைக்க முடியுமா என்று நேராகவே கேட்டேன். அவர் என்னை உட்காரச்சொல்லி, தண்ணீர் கொடுத்து, அம்மா, கடல்ல மூழ்கினவங்க இருக்காங்க, தீயில போனவங்க இருக்காங்க, அவங்களுக்கெல்லாம் எந்தத் திசை, எழுப்புகிறவருக்குத் தெரியாதா என்றார். நல்ல பதில்தான், எனக்கும் தெரியும். நான் சொன்னேன், ஐயா, கடல்ல மூழ்கினவங்களுக்கு நான் தலையணை தைக்கலை. அவர் அதற்குப்பிறகு வசனம் ஒன்றும் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த வேதத்தை ஓரமாக வைத்துவிட்டு, உங்களுக்கு அது தேவைன்னா நான் மேலே அனுமதி கேட்கிறேன், கேட்டா கொடுப்பாங்க, ஆனா முடிவு நீங்க எடுங்க, நான் எடுக்க மாட்டேன் என்றார். சின்ன வயசு என்று நினைத்திருந்தேன், பரவாயில்லை, நிதானம் இருக்கிறது. எழுந்து வரும்போது ஒன்று கேட்டேன். ஐயா, விசுவாசப் பிரமாணத்துல சரீரம் உயிர்த்தெழும்னு சொல்றோம், நான் வாயால சொல்றேன், உள்ள ஒண்ணுமே அசையல, அப்படிச் சொல்றது பாவமா என்று. அவர், அம்மா, நம்பாதவங்க யாரும் பெட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு தூக்கம் கெட்டு அலைய மாட்டாங்க என்றார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. ஆனால் வழி முழுக்க அதையே மென்றுகொண்டு வந்தேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மம்பட்டிப் பெரியவர் ஓரத்தில் உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர், நான் சரியாத்தானே வச்சேன் என்று முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு புரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்துவந்து அப்பாவின் மண்ணைக் காலால் மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டு, மண்ணு இன்னும் உட்காரலம்மா, மழை வேற பெஞ்சிருக்கு, இப்பத் தோண்டினா ரெண்டு பக்கத்து மண்ணும் சரியும், ஒருத்தரைத் திருப்பப்போயி நாலு பேரை எழுப்பணும், எழுப்புறது என் வேலை இல்ல, படுக்க வைக்கிறதுதான் என் வேலை என்றார். மேலிடத்து அனுமதி வந்தால் செய்வீர்களா என்றேன். செய்வேன், ஆனா நீங்க பக்கத்துல நிக்கக்கூடாது, பெட்டியை மறுபடி பார்த்தவங்க அப்புறம் அதை மட்டும்தான் பார்ப்பாங்க, பழைய முகம் மறந்துபோயிடும் என்றார். அது என்னை நிறுத்திவிட்டது. என்னிடம் இப்போது மிச்சம் இருப்பது அந்த முகம் ஒன்றுதான், அதையும் கொடுத்துவிட்டுத் திசையை வாங்குவதா.

என்ன செய்வது என்று தெரியாமல் அப்பாவின் கால் இருக்கிற பக்கமாகச் சுற்றிவந்து நின்றேன். கால் என்றால் நிஜமான கால், மேற்குப்பக்கம். அந்த வரிசைக்குப் பின்னால் மதில்சுவர்தான். சுவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது, காய்ந்த இலை குவிந்து. நான் சுவரில் சாய்ந்து, கிழக்கே பார்த்து நின்றேன். முன்னால் வரிசை வரிசையாக அத்தனை சிலுவைகளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இத்தனை பேரும் அந்தப் பக்கம் பார்த்து எழுந்திருப்பார்கள், ஒருத்தர் மட்டும் இந்தப் பக்கம் பார்த்து எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பிறகு தெரிந்தது. நம் கோயில்தான். ஞாயிற்றுக்கிழமை.

இந்த இடம் யாருக்கு என்று பெரியவரைக் கேட்டேன். யாருக்கும் இல்ல, சுவரோரம், நிழலு, ஒருத்தரும் கேட்க மாட்டாங்க என்றார். நான் கேட்கிறேன் என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, மண்வெட்டிக் கழியைத் தரையில் போட்டு அளந்தார், நீங்க குட்டைதானே, தாராளமா போதும் என்றார். சிரிப்பு வந்தமாதிரி இருந்தது, வாய் கொஞ்சம் இழுத்தது. போதகரிடம் போய்ச் சொன்னேன், தோண்டவேண்டாம், அனுமதி கேட்கவேண்டாம், சுவரோர இடத்தை மட்டும் எனக்கு எழுதிவையுங்கள் என்று. எழுதிவிட்டார். மேலே நட்டிருந்த சிலுவையைப் பெரியவர் பிடுங்கி, அப்பாவின் தலை நிஜமாக எங்கே இருக்கிறதோ அங்கே, கிழக்கு முனையில் நட்டுவிட்டார். இப்போது அந்த வரிசையில் அது ஒன்று மட்டும் இடம் மாறி நிற்கிறது. வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். உன் அத்தை, எங்க அண்ணன் திரும்பிப் படுத்திருக்காரு, உங்களுக்கென்ன, உங்க ஆளு நேராப் படுத்திருக்காரான்னு போய்ப் பாருங்க என்று துரத்திவிடுகிறாள்.

இவ்வளவுதான் விஷயம். இதனால் எனக்கு ஒன்றும் லேசாகிவிடவில்லை. இன்னும் உப்பு தெரியவில்லை, இன்னும் மூன்று டம்ளர் டீ வருகிறது. ஆனால் தூக்கம் திரும்பிவந்திருக்கிறது. பட்டறையில் இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் முதலில் உள்ளே குனிந்து விரலால் குறியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுக்கிறேன். சுத்தியல் தினமும் பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கிறான், வைத்துவிட்டு அப்பா மாதிரியே ம் என்கிறான், இருந்தாலும் பார்க்கிறேன்.

இனி உன் விஷயம். லீவு கிடைத்து ஒரு தடவை அப்பாவைப் பார்த்துவிட வேண்டும் என்று நீ எவ்வளவு ஜெபம் பண்ணினாய் என்று எனக்குத் தெரியும். கிடைக்கவில்லை. அடக்கத்தன்று போனில் நீ, கேட்ட ஒண்ணைக்கூடக் கொடுக்காதவர்கிட்ட இனிமே நான் எதுவும் கேட்க மாட்டேன்மா என்று சொன்னாய். உன்னைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை, நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன், கேட்கத் தோன்றவில்லை. ஆனால் போய் உட்காருகிறேன். நீயும் கேட்காதே, சும்மா போய் உட்கார். அங்கே நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது என்றாயே, பாஷை புரியாவிட்டால் இன்னும் நல்லது, பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழும்போது எழு, உட்காரும்போது உட்கார். உன் அப்பா பாதி வாழ்க்கை ஒரு வார்த்தை கேட்காமல் அப்படித்தான் ஆராதனை பண்ணினார், அவர் ஆமென் பிந்தி வந்தாலும் வராமல் இருந்ததில்லை. நீ அங்கே முன்பின் தெரியாதவர்களின் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, தலைதுவட்டி விடுகிறாயே, நம் அப்பாவுக்குச் செய்ய முடியவில்லையே என்று அந்த நேரத்தில் அழாதே, அவர்களுக்குக் காதில் தண்ணீர் போய்விடும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு. ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

கட்டெறும்பே, எதிரே யார் முகம் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறவர்களைக் கர்த்தர் கைவிடமாட்டார் என்று நினைக்கிறேன். உன் கையும் காலும் உன் பிழைப்பும் அவர் பார்வையிலேயே இருக்கட்டும், நீ பார்க்காத நாளிலும் அவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என் நாள் வரும்போது எப்படியாவது வந்து சேர். அழுவதெல்லாம் அப்புறம். முதலில் பட்டறைக்குப் போய், துணி அடிப்பதற்கு முன்னால், குறி எந்த முனையில் இருக்கிறது என்று நீயே கையால் தொட்டுப் பார். தலை சுவர்ப்பக்கம், கால் அப்பா பக்கம். யார் என்ன சொன்னாலும் விடாதே. மாற்றி வைத்தார்கள் என்றால் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து, அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதாகிவிடும்.

இப்படிக்கு,
ஊசியும் கையுமாக
உன் அம்மா

மடித்து உறையில் போட்டுவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஒன்று கேட்க விட்டுப்போயிற்று, போதகரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கர்த்தர் வருகிற நாளில் எக்காளம் ஊதும்போது அப்பாவுக்குக் கேட்காது, அவர் என்னைப் பார்த்துத்தான் எழுந்திருப்பார். எல்லாரும் கண் இமைக்கிற நேரத்தில் எழுந்திருப்பார்கள் என்கிறார்களே, அவருக்குக் காட்ட நான் ஒரு இமை முன்னால் எழுந்து நிற்க விடுவார்களா?